பத்தாண்டு முடிவு

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் குறித்துவிடுவார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம். நான் வேலை பார்த்த பதிவறையில் நான்குக்கும் தனித்தனி அடுக்குகள். கெடு முடிந்த கட்டுகளை இறக்கிப் பட்டியல் போடுவோம். கண்காணிப்பாளரின் கையெழுத்து விழுந்த பிறகுதான் கிழிப்போம். எது போனது, யார் உத்தரவில் போனது என்பது பதிவேட்டில் நிற்கும். பிரிட்டனில் கிருமி கலந்த ரத்தத்தால் ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்ட வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தபோது, என் கண் தேடியது அப்படியொரு பதிவேட்டைத்தான்.

ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு ரத்தம் உறையத் தேவையான புரதம் குறைவு. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வரும். லேசாக இடித்துக்கொண்டாலே மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முழங்கால் வீங்கிவிடும். வலியில் பிள்ளை துடிக்கும். 1973 முதல் பிரிட்டனில் ‘ஃபேக்டர் 8’ செறிவு மருந்து வந்தது. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி. வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்துக்கொண்டு, வேண்டியபோது நீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியதில்லை. அந்தத் தாய்மார்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்! ஆனால் ஒரு தொகுதிப் பொடிக்கு ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்தார்கள். அமெரிக்காவில் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள், சிறைக் கைதிகளிடமிருந்தும்கூட. கொடுத்தவர்களில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் போதும், தொகுதி மொத்தமும் கெட்டது.

இந்த ஆபத்து முன்பே தெரியும். 1970களின் நடுவில் சுகாதார அமைச்சராக இருந்த டேவிட் ஓவன், ரத்தப் பொருட்களில் நாடு தன்னிறைவு அடையவேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்துப் பணமும் ஒதுக்கினார். அது நடக்கவில்லை, இறக்குமதி தொடர்ந்தது. 1983 மே மாதம், தொற்றுநோய்க் கண்காணிப்பு மையத்தின் தலைவர் ஸ்பென்ஸ் கால்பிரெய்த் சுகாதாரத் துறைக்கு எழுதினார்: 1978க்குப் பிறகு அமெரிக்காவில் பெற்ற ரத்தத்தில் செய்த பொருட்களை, எய்ட்ஸ் ஆபத்து தெளிவாகும்வரை நிறுத்திவையுங்கள். துறை அதை ஏற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அமைச்சர் கென்னத் கிளார்க், ரத்தப் பொருட்களால் எய்ட்ஸ் பரவுகிறது என்பதற்கு முடிவான ஆதாரம் இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்.

ஹாம்ப்ஷயரில் ட்ரெலோர் என்று மாற்றுத்திறனாளிகளுக்கான உறைவிடப் பள்ளி. வளாகத்திலேயே ஹீமோபிலியா சிகிச்சை மையம் இருந்ததால் பெற்றோர் நம்பி அனுப்பினார்கள். 1970க்கும் 1987க்கும் இடையே ஹீமோபிலியா உள்ள 122 மாணவர்கள் அங்கே படித்தார்கள். 2024இல் இந்த ரத்த விவகாரம் பற்றிய அரசு விசாரணையின் அறிக்கை வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 30 பேர். பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. சில மாணவர்களை ஓர் அறையில் சேர்த்து உட்காரவைத்து, எச்.ஐ.வி. உனக்கு இருக்கிறது, உனக்கு இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார் மருத்துவர் என்று ஒரு முன்னாள் மாணவர் சாட்சியம் சொன்னார். அந்த இடத்தைப் படித்தபின் அன்றைக்கு மேற்கொண்டு என்னால் படிக்க முடியவில்லை. நாடு முழுவதும் இப்படி எச்.ஐ.வி. தொற்றியவர்கள் சுமார் 1,250 பேர். அதில் ஏறத்தாழ 380 பேர் குழந்தைகள். பிரசவத்திலும் அறுவை சிகிச்சையிலும் ரத்தம் ஏற்றிக்கொண்டு ஹெபடைடிஸ் சி வாங்கியவர்கள் பல்லாயிரம் பேர்.

அரசு என்ன செய்தது? அன்றைக்கு இருந்ததில் சிறந்த சிகிச்சையைத்தான் கொடுத்தோம் என்று ஆட்சிகள் மாறி மாறிச் சொல்லின. 1988இல் ஓர் அறக்கட்டளைக்கு 1 கோடி பவுண்டு கொடுத்தார்கள், இழப்பீடாக அல்ல, கருணைத் தொகையாக. பிறகு வழக்குப் போட்டவர்களோடு 4.2 கோடி பவுண்டுக்குச் சமரசம். பணம் வேண்டுமானால் ஹெபடைடிஸ் குறித்தும் இனி வழக்குப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். கையெழுத்துப் போட்ட பலருக்குத் தங்களுக்கு ஹெபடைடிஸ் சி இருப்பதே அப்போது தெரியாது.

இனி கோப்புகளுக்கு வருகிறேன். தன் காலத்து அமைச்சக ஆவணங்களை ஓவன் பின்னாளில் கேட்டபோது, பத்தாண்டு விதிப்படி கூழாக்கிவிட்டோம் என்று பதில் வந்தது. ரத்தத்தில் வைரஸ் ஆபத்து பற்றி அரசுக்கு ஆலோசனை சொன்ன குழுவின் கோப்புகளும் 1990களில் அழிந்தன. அனுபவமில்லாத ஓர் ஊழியர் செய்திருக்கக்கூடும் என்று துறையின் உள்தணிக்கை எழுதியது. எனக்கு அதை நம்ப மனம் வரவில்லை. நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய கோப்பைக் கடைநிலை ஊழியர் தன்னிச்சையாகத் தொடமாட்டார். எந்த நாட்டுப் பதிவறையிலும் அப்படித்தான். விசாரணைக்குத் தலைமை வகித்த சர் பிரையன் லாங்ஸ்டாஃபின் அறிக்கை, 2024 மே 20இல் வெளியானது, அதுவும் தற்செயல் அல்ல என்றே சொன்னது: வெள்ளத்திலோ தீயிலோ பூச்சியாலோ போனதல்ல, யாரோ முடிவெடுத்து அழித்தது. யார் என்பதற்கு அங்கே பதிவேடு இல்லை.

இதே மருந்தால் ஜப்பானிலும் இதே கொடுமை நடந்தது. அங்கே கோப்பு தப்பியது. வெப்பமூட்டிக் கிருமி கொன்ற மருந்துக்கு அமெரிக்கா 1983இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஜப்பான் 1985 ஜூலைவரை கொடுக்கவில்லை. 1,400க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 1989இல் வழக்கு. சமூகத்துக்குப் பயந்து பெயரை மறைத்தே வாதாடினார்கள். 1995இல் ரியூஹெய் கவாடா என்ற 19 வயது இளைஞர் பெயரையும் முகத்தையும் வெளியே காட்டினார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானவர் அவர். அப்போதும் அமைச்சகம், தேடுகிறோம், ஆவணம் கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 1996 ஜனவரியில் நவோதோ கான் சுகாதார அமைச்சரானார். தேடுவதற்கென்றே ஒரு குழு போட்டார். சில நாட்களில் கோப்புகள் கிடைத்துவிட்டன. 1983 ஜூலையில் வெப்பமூட்டாத மருந்தை நிறுத்தலாம் என்று ஒரு குறிப்பு, ஒரு வாரம் கழித்து அதை மாற்றி இன்னொரு குறிப்பு. எங்கள் அலுவலகங்களிலும் குறிப்புக் கோப்பில்தான் யார் என்ன நினைத்தார்கள் என்பது இருக்கும். வெளியே போகும் கடிதத்தில் இருக்காது. பிப்ரவரி 16இல் அமைச்சகத்தின் முன் மறியல் செய்துகொண்டிருந்தவர்களிடம் கான் மன்னிப்புக் கேட்டார். மார்ச்சில் சமரசம், ஆளுக்கு 4.5 கோடி யென். மருந்தைத் திரும்பப் பெறாமல் விட்ட குற்றத்துக்காக அகிஹிதோ மட்சுமுரா என்ற அதிகாரிக்குக் கிடைத்த தண்டனையை உச்சநீதிமன்றம் 2008இல் உறுதிசெய்தது. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைதான், சிறை இல்லை. பிரிட்டனில் அதிகாரி எவருக்கும் அதுவும் இல்லை.

பிரிட்டன் அரசு 2024 அக்டோபரில்தான் முழு இழப்பீட்டுக்கென 1,180 கோடி பவுண்டு ஒதுக்கியது. அதற்குள் பெற்றோர் பலர் போய்விட்டார்கள். பணம் மெதுவாக வருவதே இன்னொரு காயம் என்று லாங்ஸ்டாஃப் 2025 ஜூலையில் மறுபடி ஓர் அறிக்கை எழுதவேண்டியிருந்தது.

இழப்பீடு கேட்டவர்களில் பலரை மடக்கிய கேள்வி, உங்களுக்கு ரத்தம் ஏற்றியதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். அவர்களுடைய மருத்துவமனைக் கோப்புகளும் காணாமல் போயிருந்தன. ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றினால், பையின் மேல் உள்ள எண்ணையும் ரத்த வங்கியின் பெயரையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வைத்து, எக்காரணம் கொண்டும் பழைய பேப்பரில் போடாதீர்கள்.