புனிதரும் விதூடகனும்: தமிழ்க் கத்தோலிக்க நாடக மரபில் நகைச்சுவை

முன்னுரை

தமிழ்க் கத்தோலிக்கரிடையே புனிதர் வரலாறுகள் நூல் வழியாக மட்டுமன்றி மேடை வழியாகவும் பரவின. அம்மேடையில் புனிதருக்கு அருகிலேயே சிரிக்க வைப்பவனும் நின்றான். புனிதரின் பாடல்கள் ஏட்டிலும் அச்சிலும் நிலைபெற, விதூடகனின் பேச்சு பெரும்பாலும் காற்றோடு கலந்தது. இவ்வேறுபாட்டின் காரணத்தையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஏடும் அச்சும்

ஈழத்தில் யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய பகுதிகளின் கத்தோலிக்க ஊர்கள் இம்மரபைப் பேணி வந்துள்ளன. எஸ்தாக்கியார், தேவசகாயம்பிள்ளை முதலியோர் வரலாறுகள் அங்குக் கூத்துகளாயின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் எண்டிரிக் எம்பரதோர் நாடகத்தை 1964இலும், மூவிராசாக்கள் நாடகத்தை 1966இலும் பதிப்பித்தார். நீ. மரியசேவியர் அடிகள் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் இக்கலையை நகர அரங்குக்கும் கொண்டுசென்றது. விருத்தம், தரு போன்ற யாப்புடைய பகுதிகளை அண்ணாவியார் மாணாக்கருக்குப் பாடமாகக் கற்பித்தமையால் அவை ஏட்டில் தங்கின.

நகைச்சுவையின் நிலை வேறு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசன் வருகையை அறிவிப்பதோடு அவனைக் கேலியும் செய்கிறான். தமிழகத்து இசை நாடகங்களில் பபூன் அப்பணியை ஏற்றான். அவன் பேச்சு வழக்குத் தமிழில் அமைவது. அவ்வூர்ப் பார்வையாளருக்கேற்ப அன்றன்று மாறுவது. எழுதிப் படித்தால் சுவை குன்றும் என்பதால் அது எழுதப்படவுமில்லை.

ஏளனமும் புனிதமும்

இந்நகைச்சுவையை வெறும் இளைப்பாறலாகக் கொள்ளலாமா? தேவசகாயம் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது. 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர்ச் சிறைப்பட்ட அவரை எருக்கம்பூ மாலை சூட்டி, எருமை மீது ஏற்றி ஊர் ஊராக நடத்தினர். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார்.

எருமை ஊர்வலம் அதிகாரம் நடத்திய ஒரு கேலி நாடகமே. மக்கள் சிரிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். புனிதர் வாழ்வு கூத்தாகும்போது சிரிப்பின் திசை மாறுகிறது: துன்புறுவோனை நோக்கிய ஏளனம் துன்புறுத்துவோன் பக்கம் திரும்புகிறது. அரசனைக் கேலி செய்யும் உரிமை மேடையில் விதூடகனுக்கே உண்டு. எனவே எளிய மக்களின் தீர்ப்பு அவன் வாயிலாகவே வெளிப்படுகிறது.

ஓர் ஒப்பீடு

இத்தாலிய நாடகக் கலைஞர் தாரியோ ஃபோ 1999இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் வாழ்வை ஒருவரே நடிக்கும் நகைச்சுவை நாடகமாக அரங்கேற்றினார். பிரான்சிசு தம் தோழரை இறைவனின் விகடகவிகள் என அழைத்தவர் என்னும் மரபே அதற்கு அடிப்படை. 1997இல் நோபல் பரிசு பெற்ற ஃபோ மேடையிலேயே வசனங்களை மாற்றி அமைப்பவர். எனினும் அவர் நாடகங்கள் நூலாயின. மேடைப் பேச்சைப் பதிவு செய்து, எழுதிப் பதிப்பிக்கும் பணியை அவர் துணைவியார் பிராங்கா ராமே மேற்கொண்டார். நம் விதூடகர்களுக்கு அத்தகைய எழுத்தர் வாய்க்கவில்லை.

தோட்டப்புறமும் நம் கடமையும்

இச்செய்தி மலேசியத் தமிழருக்கும் பொருந்தும். சுங்கை ஆயர் தாவார் தொடங்கிக் கோல சிலாங்கூர் வரையிலான வட சிலாங்கூர்த் தோட்டங்களில் கோயில் திருவிழாவாயினும் தேவாலயத் திருவிழாவாயினும் மேடையும் பார்வையாளரும் தோட்ட மக்களே. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் நிகழ்ந்த நகர்ப்புறக் குடிபெயர்வும் அம்மக்களைச் சிதறச் செய்தன. ஒரே இடத்தில் வாழ்ந்த பார்வையாளர் பிரிந்தபின், அவர்களுக்காகவே பேசப்பட்ட நகைச்சுவைக்குக் களமில்லை.

முடிவுரை

பாடல் ஏடுகளை மட்டும் கொண்டு எழுதப்படும் நாடக வரலாறு பாதி வரலாறே. விதூடகனின் பேச்சில் வட்டார வழக்கும், உழைப்போரின் நீதியுணர்வும் பதிந்துள்ளன. அவ்வேடமேற்ற முதியவர்களும் அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் இருக்கும்போதே அவர்தம் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். தோட்டக் குடும்பங்களோடு நெருங்கிப் பழகும் தமிழாசிரியர்கள் மாணவர் களப்பணியாக இதனைத் தொடங்கலாம். ஆய்வாளருக்கு எளிதில் திறவாத கதவுகள் பேரப்பிள்ளைகளுக்குத் திறக்கும்.