மணலில் எழுதிய பாடம்

துறைமுகம் ஒருபுறம், ஆலைகள் மறுபுறம். இடையிலே மணலி புதுநகர். வடசென்னையின் இப்பகுதியிலே வாழும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையிலே ஆங்கிலப் பாடநூல் இருக்கிறது. ஆண்டுதோறும் தேர்வு எழுதுகின்றனர். வகுப்பு விட்டு வகுப்பு ஏறுகின்றனர். ஏறியவர்களில் எத்தனை பேர், முன்பின் பார்த்திராத ஓர் ஆங்கிலத் தாளை எடுத்துப் படித்து, "இதிலே கூறியிருப்பது இது" என்று உரைக்க வல்லவர்?

வீண் கேள்வியல்ல இது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தது. அதே மாதக் கடைசியில் எண்ணூரில் அம்மோனியா கசிய, நள்ளிரவில் மக்கள் வீடு விட்டு ஓடினர். பெரிய ஆலைகள் பலவற்றுக்கு அனுமதி தருமுன் மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் மைய அரசு அறிவிக்கை. கேட்கிறார்கள். ஆனால் மக்கள் மொழியில் வந்தாக வேண்டியது சுருக்கம் மட்டுமே; நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலே கிடக்கிறது. தன் தெருவின் காற்றைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே படிக்க இயலாதவன், படித்துச் சொல்பவனை நம்பித்தானே வாழ வேண்டும்!

ஆகவே வாரந்தோறும் ஆங்கிலமும் வாசிப்பும் கற்பிக்கத் திட்டம் தீட்டும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். ஏடு திறக்குமுன் இந்நகரின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்று உலகம் ஆராய்ந்த சோதனைகளில் மூன்று இந்தச் சென்னையோடு பின்னிக் கிடக்கின்றன.

முதற் சோதனை எழும்பூரில். 1789-இல் அங்கிருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்றார் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதை ஒரு நாள் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறே செய்யச் சொன்னார், ஆசிரியர்கள் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஜான் ஃபிரிஸ்கனை அழைத்து, அவனையே மற்றச் சிறுவர்க்கு ஆசானாக்கினார். பெரியவர் மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான்! 1797-இல் இலண்டனில் பெல் இதனை நூலாக்க, "சென்னை முறை" என்னும் பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிலே பரவிற்று. ஆனால், கடல் கடந்ததும் அதன் சிக்கனமே பெரிதாகப் பேசப்பட்டது. ஓர் ஆசிரியர், பல நூறு மாணவர். ஒருவன் உரக்கச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லும் இரைச்சல். திண்ணையிலே இருந்த உறவு மறைந்தது, ஒப்பித்தல் எஞ்சிற்று.

இரண்டாவது சோதனை விடுதலைக்குப் பின் வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து அரிதுக்கு வரிசைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாய்ப் புகட்டும் முறை 1950-களில் சென்னை மாநிலப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. "திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ பென்" என்று வகுப்பறைகள் முழங்கின. தொடக்க நிலை ஆங்கில ஆசிரியர் 27,000 பேருக்கு இம்முறையைப் பழக்க ஒரு பெருந்திட்டம் எழுந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அப்பலர் இன்னும் பலருக்கு. உருட்ட உருட்டப் பெருக்கும் பனிக்கட்டி உருண்டையை நினைந்து, "மெட்ராஸ் ஸ்னோபால்" என்று அதனைக் குறித்தனர். பனியே பெய்யாத ஊருக்குப் பனி உருண்டை! முயற்சி பெரிது; மறுப்பதற்கில்லை. ஆனால் கை மாறக் கை மாற மோரும் நீர்மோராகும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். வரிசை மட்டும் வகுப்பறைக்கு வந்து, பொருள் வழியிலே தங்கிவிட்டால், பிள்ளை வாக்கியத்தைச் சொல்வான். அதைக் கொண்டு எதையும் செய்ய மாட்டான்.

அந்த மனக்குறையிலே பிறந்தது மூன்றாவது சோதனை. என். எஸ். பிரபு என்னும் அறிஞர் தம் துணைவரோடு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்ப் பள்ளிகள் சிலவற்றில் நடத்தினார். பிள்ளையின் கருத்து பொருளிலே ஊன்றி நிற்கும்போதே இலக்கணம் உள்ளே இறங்கும் என்பது அவர் துணிபு. இரயில் கால அட்டவணையைக் கொடுப்பார்: இந்த ஊரில் இத்தனை மணிக்கு ஏறினால் அந்த ஊருக்கு எப்போது போய்ச் சேரலாம்? முதலில் ஆசிரியரும் வகுப்பும் கூடி ஒரு கணக்கைத் தீர்ப்பர். பின்னர் அதுபோன்ற இன்னொன்றை ஒவ்வொரு பிள்ளையும் தனியே தீர்க்கும். வகுப்பில் பாதிப் பேரேனும் பணியில் பாதியையேனும் சரியாக முடித்தால் பாடத்தின் அளவு பொருத்தம். இல்லையேல் அடுத்த பாடத்தை எளிதாக்க வேண்டும். தவறு பிள்ளையினுடையதன்று; திட்டத்தினுடையது! எவ்வளவு நேர்மையான அளவுகோல்! அச்சோதனையை மதிப்பிட்டவர்கள் முற்றான வெற்றி என்று முரசறையவில்லை. எச்சரிக்கையோடு, சாதகமாகவே எழுதினர்.

மூன்றும் சேர்ந்து புகட்டும் பாடம் ஒன்று. பட்டியலிலிருந்து தொடங்கும் பாடம் பட்டியலோடு முடியும். பிள்ளை அறிய விரும்பும் பொருளிலிருந்து தொடங்கும் பாடமே பிள்ளையோடு வீடு போய்ச் சேரும்.

மணலி புதுநகரில் வாரப்பாடம் வகுப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு எண்ணூரிலிருந்து சென்னை செல்லும் இரயிலின் அட்டவணையே பாடமாகலாம். தென்னாட்டின் முதல் பயணி இரயில் 1856-இல் புறப்பட்ட இராயபுரம் அந்தப் பாதையிலேதான் இருக்கிறது. அட்டவணையோடு அவ்வரலாற்றையும் நாலு வரியிலே படிக்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவனுக்கு ஆலை அறிக்கையின் சுருக்கத்தை முதலில் தமிழிலே கொடுங்கள். பொருள் விளங்கியபின் அதே பகுதியை ஆங்கிலத்திலே கொடுங்கள். தாய்மொழியிலே வாசிக்கத் தயங்குபவன் பிறமொழியிலே தாவிவிட மாட்டான். மூத்தவன் இளையவனை அருகிலே இருத்திப் படித்துக் காட்டட்டும். பெல் திண்ணையிலே கண்ட நன்மை அது. எஞ்சிய நேரம், தானே தேர்ந்த நூலை ஒவ்வொருவரும் ஓசையின்றிப் படிக்கட்டும். வார இறுதியிலே பாதி அளவுகோலை எடுத்துப் பாருங்கள். அதன்பின் எழுதுங்கள் அடுத்த வாரத் திட்டத்தை.

2021 அக்டோபரில் தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" மாலை வகுப்பை வீட்டுவாசலுக்கே கொண்டு வந்தது. அதுவும் எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் வகுப்பிலே நிற்பவனுக்கு யார் துணை? 1968 சனவரி 23 அன்று, அறிஞர் அண்ணா முதல்வராயிருந்தபோது, தமிழும் ஆங்கிலமும் போதும் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. மாளிகைப் பிள்ளைக்கும் குடிசைப் பிள்ளைக்கும் இரண்டும் பொது என்பது அதன் பொருள். மாளிகையிலே பேச்சாகவும் குடிசையிலே ஒப்பித்தலாகவும் ஆங்கிலம் இருக்குமானால், அத்தீர்மானம் ஏட்டோடு நின்றதாகவே பொருள்.

மணலிலே எழுதிய எழுத்தைக் காற்று அழிக்கும். அதனை எழுதிய விரல் கற்றதை எக்காற்றும் அழிக்காது. ஆலைப்புகை சூழ்ந்த காற்றும்தான்!