நாலு நல்ல பற்கள்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வாட்ஸப்பில் ஓர் எக்ஸ்ரே அனுப்பினாள். பதிமூன்று வயதாகும் அவள் மகளின் தாடையை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை விரித்துப் போட்டது மாதிரியான ஓபிஜி படம். கீழே ஒரு குரல் செய்தி. "டேய், ஒரு டாக்டர் நாலு பல்லை எடுக்கணும்னு சொல்றாரு. இன்னொருத்தர் ஒண்ணையும் எடுக்க வேணாம், அப்படியே கிளிப் போட்டுடலாம்னு சொல்றாரு. யாரு ஏமாத்துறாங்கன்னு பாத்துச் சொல்லு."

நான் பல் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் எங்கள் வீட்டில் இன்ஜினியரிங் படித்தவனுக்கு வாஷிங் மெஷினும் தெரிய வேண்டும், வாய்க்குள் இருப்பதும் தெரிய வேண்டும். எடுக்கச் சொன்ன நாலும் சொத்தை இல்லாத, ஆடாத, முளைத்து இரண்டு மூன்று வருஷமே ஆன பற்கள். கோரைப்பல்லுக்கு அடுத்து இருக்கும் முன்கடைவாய்ப் பற்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. என் பதினைந்தாவது வயதில் எனக்கும் அதே நாலைத்தான் எடுத்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் இரண்டாவது டாக்டரிடம் போகவில்லை. போகலாம் என்பதே தெரியாது.

ஆகவே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இரண்டு நாளில் ஒன்று புரிந்தது. அக்காவிடம் பேசிய இரண்டு டாக்டர்களும் நூறு வருஷத்துக்கு மேல் பழைய ஒரு சண்டையின் இரண்டு பக்கங்களில் நின்றிருக்கிறார்கள். யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

சண்டைக்குப் போகும் முன், பல் எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடலாம். பல் சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறங்கியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. ஒரு பக்கமிருந்து தொடர்ந்து மெதுவாக அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904 வாக்கில் நாய்களின் பற்களை நகர்த்தி, அந்தத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து இதைக் காட்டினார். அழுத்தம் அதிகமானால் அந்த இடத்துத் திசு செத்துப்போய் நகர்வு நின்றுவிடுகிறது என்பதையும் அவர்தான் கண்டார். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கிளிப் ஒன்றரை, இரண்டு வருஷம் இழுப்பதற்கு இதுதான் காரணம்.

நகர்த்துவது ஒரு பிரச்சினை, இடம் இன்னொரு பிரச்சினை. நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் ஒருவர் முன்னால் துருத்துவார், ஒருவர் திரும்பி உட்காருவார். நம்ம ஊரில் எத்துப்பல், தெத்துப்பல் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பெஞ்சுக் கணக்குதான். தீர்வுகளும் அதே மாதிரிதான். பெஞ்சை அகலப்படுத்தலாம். எல்லோரையும் கொஞ்சம் பின்னால் தள்ளலாம். ஒவ்வொருவரின் பக்கவாட்டிலும் ஒரு துளி சீவலாம்; பல்லின் எனாமலை அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக உரசி எடுப்பது இன்றும் நடக்கிறது. அல்லது ஒருவரை எழுந்து போகச் சொல்லலாம்.

பெஞ்சை அகலப்படுத்தியவர்களில் முக்கியமானவர் சான்பிரான்சிஸ்கோவின் எமர்சன் ஏஞ்சல். 1860 இல் பதினாலரை வயதுப் பெண் ஒருத்தியின் மேல்தாடைக்குக் குறுக்கே ஒரு திருகாணியைப் பொருத்தி, அதை இறுக்கச் சாவியை அவளிடமே கொடுத்து அனுப்பினார். இரண்டு வாரத்தில் தாடை கால் அங்குலம் விரிந்தது. மேல்தாடை நடுவில் தையல் போட்ட மாதிரி இரண்டு பாதிகளாக இருக்கும். சிறு வயதில் அந்தத் தையல் இறுகியிருக்காது. அவர் எழுதியதை அன்றைய மருத்துவர்கள் நம்பவில்லை. நூறு வருஷம் கழித்து, 1961 இல், ஆண்ட்ரூ ஹாஸ் அதே முறையை மறுபடி நிலைநாட்டினார். டீன் ஏஜ் தாண்டினால் தையல் இறுகிவிடும். அதனால்தான் 'எக்ஸ்பாண்டர்' என்றால் டாக்டர்கள் முதலில் வயதைக் கேட்கிறார்கள்.

இப்போது சண்டை. இதன் நாயகன் எட்வர்ட் ஆங்கிள், 1855 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். பல் சீரமைப்பை ஒரு தனித்துறையாக ஆக்கியவர் என்றால் அவர்தான். கோணல் பற்களை மூன்று வகுப்புகளாக அவர் பிரித்தது 1899 இல். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முகடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா, முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்பதுதான் அளவுகோல். இன்றைக்கும் நம்ம ஊர் கிளினிக் சீட்டில் 'கிளாஸ் 2' என்று எழுதியிருந்தால் அது ஆங்கிளின் கையெழுத்து. 1900 இல் செயின்ட் லூயிஸில் இந்தத் துறைக்கென்றே பள்ளியும் தொடங்கினார்.

ஆங்கிள் ஆரம்பத்தில் பல்லை எடுத்தவர்தான். பிறகு மாறினார். 1907 இல் வந்த அவர் நூலின் ஏழாம் பதிப்பில் நிலைப்பாடு கறாராகிவிட்டது: இயற்கை எத்தனை பல் கொடுத்ததோ அத்தனையும் இருந்தால்தான் முகம் ஒத்திசைவாக இருக்கும். அவரிடம் 'ஓல்ட் குளோரி' என்று பெயரிட்ட ஒரு மண்டையோடு இருந்தது. பற்கள் கச்சிதமாகப் பொருந்திய அதுதான் அவருக்கு வேதம். பற்களை வெளியே விரித்துவிட்டால் எலும்பு பின்னாலேயே வளர்ந்து வரும் என்று நம்பினார். சுமைக்கு ஏற்ப எலும்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் என்ற ஜெர்மானியர் வோல்ஃபின் கொள்கையை அதற்குத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

எதிர்த்தவர் சிகாகோவின் கால்வின் கேஸ். 1911 இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில், சில முகங்களுக்குப் பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டுரை வாசித்தார். ஆங்கிளின் மாணவர் மார்ட்டின் டூயி எழுந்து எதிர்த்தார். இந்தத் துறையின் வரலாற்றில் இதற்கு 'பெரும் விவாதம்' என்றே பெயர். அன்றைக்கு ஆங்கிள் தரப்பு ஜெயித்தது. அடுத்த இருபது வருஷத்துக்கு மேல், ஆரோக்கியமான பல்லை எடுப்பவர் அங்கே தொழில் தெரியாதவர்.

அந்தக் கோட்டையை உடைத்தவர்கள் ஆங்கிளின் மாணவர்களே. சார்லஸ் ட்வீட் கடைசிக் காலத்தில் ஆங்கிளுக்கு நெருக்கமாக இருந்து, 1928 இல் அரிசோனாவில் தொழில் தொடங்கியவர். குருவின் முறையைப் பிசகாமல் பின்பற்றினார், ஒரு பல்லையும் எடுக்கவில்லை. ஆங்கிள் 1930 இல் இறந்தார். அடுத்த வருஷங்களில் ட்வீட், தான் சிகிச்சை முடித்த பிள்ளைகளையே திரும்ப அழைத்துப் பார்த்தார். பலருக்குப் பற்கள் பழையபடி நெருங்கியிருந்தன. இன்னும் சிலருக்குப் பல் வரிசையாக இருந்தது, ஆனால் உதடு மூட முடியாதபடி வாய் முன்தள்ளியிருந்தது. அவர்களுக்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்து மறுபடி சிகிச்சை செய்தார். 1940 இல் நூறு நோயாளிகளின் மாதிரிகளை வரிசையாக அடுக்கிக் காட்டினார்: பல் எடுக்காமல் முடித்தது, எடுத்த பிறகு முடித்தது. தன்னுடைய தோல்வியைத் தானே மேஜைமேல் பரப்பிவைத்த மனுஷன். என் வேலையில் 'இந்தத் தப்பு என் கோடில்தான்' என்று ஒருவர் கூட்டத்தில் சொல்வதே அபூர்வம். ட்வீட் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது இங்கேதான்.

அதே ஆங்கிளிடம் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்குத் திரும்பிய ரேமண்ட் பெக் வேறு வழியாக அதே முடிவுக்கு வந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மண்டையோடுகளைப் பார்த்தார். மணலும் நாருமான உணவை மென்று பற்களின் பக்கவாட்டுகள் தேய்ந்திருந்தன. தேய்ந்த பற்களுக்கு இடம் போதும். நாம் மெத்தென்ற சாப்பாடு சாப்பிடுகிறோம், பல் தேய்வதில்லை, அந்த அளவு இடத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும் என்பது அவர் வாதம். (பின்னாளில் ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்க மானிடவியலாளர் சண்டிகர் வட்டாரத்தில் நகரத்துப் பிள்ளைகளையும் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டார். பல் ஒழுங்கின்மை நகரத்தில்தான் அதிகம். அவர் தாடை வளர்ச்சியைக் குற்றம் சொன்னார்: மெல்லாத தாடை போதிய அளவு வளர்வதில்லை.)

பிறகு ஊசல் அந்தப் பக்கம் போனது. நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பல் மருத்துவமனையின் நாற்பது வருஷப் பதிவுகளை வில்லியம் புரோஃபிட் 1994 இல் வெளியிட்டார். 1953 இல் பல் எடுக்கப்பட்டவர்கள் 30 சதவீதம். 1968 இல் 76 சதவீதம். 1993 இல் மறுபடி 28 சதவீதம். இந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாற்பது வருஷத்தில் பிள்ளைகளின் தாடை சுருங்கி விரியவில்லை. மாறியது டாக்டர்களின் நம்பிக்கைதான்.

எண்ணிக்கை இறங்கியதற்குச் சில காரணங்கள் உண்டு. ஒன்று நீதிமன்றம். பல் எடுத்ததால் தாடை மூட்டு கெட்டுவிட்டது என்று மிச்சிகனில் தொடுத்த வழக்கில் 1987 இல் பெரிய இழப்பீடு தீர்ப்பானது, டாக்டர்கள் பயந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. இன்னொன்று சியாட்டிலில் ராபர்ட் லிட்டில் குழு 1981 இல் வெளியிட்ட ஆய்வு. முன்கடைவாய்ப் பற்களை எடுத்து சிகிச்சை பெற்ற 65 பேரை, ரீடெய்னரை நிறுத்திப் பத்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கீழ் முன்பற்கள் மறுபடி கோணியிருந்தன. பல்லை எடுத்தால் வரிசை நிலைத்துவிடும் என்ற ட்வீட் தரப்பு உறுதியும் இப்படிப் போனது. இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடி பார்த்தேன். என் கீழ்ப்பற்களில் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. காலேஜ் ஹாஸ்டலில் ரீடெய்னரைத் தொலைத்தவன் நான். அந்த மூன்றில் இரண்டு பங்கில் நானும் உண்டு.

இன்றைக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறைய வழிகள் இருக்கின்றன. கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், வளரும் வயதிலேயே அதை முன்னால் பிடித்துவைக்கும் கழற்றி மாட்டும் கருவிகள் உண்டு. டென்மார்க்கின் விகோ ஆண்ட்ரேசன் 1908 இல் தன் மகளுக்குச் செய்து பார்த்ததிலிருந்து தொடங்கிய வழி அது. உலோகக் கிளிப், பல் நிறத்தில் செராமிக் கிளிப் இருக்கின்றன. ஆங்கிள் 1928 இல் வெளியிட்ட பிராக்கெட்டின் காடி 0.022 க்கு 0.028 அங்குலம். அன்றைக்குக் கம்பி தங்கம். பிறகு ஸ்டீல் வந்தது, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்த நிட்டினால் கம்பி 1970களில் வந்தது. அந்த 0.022 காடி இன்றும் விற்பனையில் இருக்கிறது. பழைய ஸ்டாண்டர்டை யாராலும் கைவிட முடியாத கொடுமை எங்கள் துறையில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கடைசியாக அலைனர். 1997 இல் ஸ்டான்ஃபோர்டில் எம்பிஏ படித்த ஜியா சிஷ்தியும் கெல்சி விர்த்தும் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்புதான் இன்விசலைன். வரிசையாகப் பிளாஸ்டிக் உறைகள், ஒவ்வொன்றும் பல்லை ஒரு துளி நகர்த்தும். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். பள்ளி டிபன் பாக்ஸோடு அது குப்பைத் தொட்டிக்குப் போகாமல் இருப்பது பிள்ளையின் பொறுப்பு. திரையில் பற்கள் வழுக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்கும் அனிமேஷனை அக்காவுக்கும் காட்டியிருந்தார்கள். அதைத்தான் நான் எச்சரித்தேன். திரையில் பல்லை நகர்த்துவது சுலபம், அங்கே எலும்பு கிடையாது. எந்தக் கருவி வாங்கினாலும் பெஞ்சுக் கணக்கு அப்படியே இருக்கும்.

அக்காவிடம் ஐந்து கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். இடப் பற்றாக்குறை எத்தனை மில்லிமீட்டர்? பல் எடுக்காமல் முடித்தால் உதடு இயல்பாக மூடுமா? எடுத்தால் முகம் உள்வாங்குமா? வேர்களை மூடுகிற அளவுக்கு எலும்பு வெளிப்பக்கம் இருக்கிறதா? ரீடெய்னர் எத்தனை காலம்? இரண்டு டாக்டர்களிடமும் இதே கேள்விகள். பக்கவாட்டு எக்ஸ்ரேயை மேஜையில் வைத்து, ஸ்கேல் பிடித்து அளந்து, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னவர் முதல் டாக்டர். கீழே ஒன்பது மில்லிமீட்டர் பற்றாக்குறை, உதடு ஏற்கெனவே முன்தள்ளியிருக்கிறது. இரண்டாமவர் மறுபடி அனிமேஷனைத்தான் போட்டார். இவளுக்கு எடுப்பது சரி என்று எனக்கும் பட்டது. இவளுக்கு மட்டும். எனக்குச் சரியாக இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் எக்ஸ்ரே வீட்டில் இல்லை.

அன்று ராத்திரி ஃபோனை வாங்கி மகள் பேசினாள். "மாமா, நீங்களும் அம்மாவும் டாக்டரும் பேசிட்டே இருக்கீங்க. எனக்கு எது வேணும்னு யாருமே கேக்கல."

இரண்டு வாரம் வரலாறு படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. ஆங்கிளுக்கு ஒரு மண்டையோடு இருந்தது, ட்வீட்டுக்கு நூறு மாதிரிகள் இருந்தன, எனக்கு ஐந்து கேள்விகள் இருந்தன. நான் படித்த எல்லாவற்றிலும், ஒரு பிள்ளையின் கையில் எதையாவது கொடுத்தது 1860 இல் அந்தத் திருகாணிச் சாவி மட்டும்தான்.

"சரி, சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

அவள் யோசித்து வைத்திருந்தாள். தெத்துப்பல்லைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. சாப்பிடும்போது கன்னம் கடிபடுவதுதான் தொந்தரவு. வலிக்குமா என்று தெரிய வேண்டும். ஆண்டு விழா முடியும் வரை எதுவும் போடக் கூடாது. ஒரே நாளில் நாலையும் எடுக்கக் கூடாது. எடுத்த பற்களைத் தூக்கிப் போடாமல் அவளிடமே கொடுத்துவிட வேண்டும்.

டாக்டர் நாலுக்கும் ஒத்துக்கொண்டார். பற்கள் இப்போது அவள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. கிளிப் போட்டு எட்டு மாதமாகிறது. மேலே இடைவெளி பாதி மூடியிருக்கிறது. ரீடெய்னரை ஆயுசு முழுக்க ராத்திரியில் போட வேண்டும் என்று நான் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

"நீங்க போட்டீங்களா மாமா?" என்று கேட்டாள். பல்லைக் காட்டினேன்.