பசியா, நோயா? மண்டபம் கடலில் வெளுத்த பாசியின் கதை

ஒரு செடி வெளுத்துப் போனால் ஊரில் இரண்டு வைத்தியம் சொல்வார்கள். "சத்து இல்லை, யூரியா போடு" என்பார் ஒருவர். "நோய் வந்திருக்கு, மருந்து அடி" என்பார் இன்னொருவர். ஒருவர் சொல்வது பசி, மற்றவர் சொல்வது நோய். தப்பான வைத்தியம் பார்த்தால் தொட்டிச் செடி ஒன்று சாகும், அவ்வளவுதான். ஆனால் அதே கேள்வி இராமநாதபுரம் கடற்கரையில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் அடுப்போடு சம்பந்தப்பட்ட கேள்வியாக மாறியது. அங்கே வெளுத்தது செடி அல்ல, கடல் பாசி!

வெளுப்பைப் படிக்கக் கற்ற கதை

செடிக்கு வேண்டிய உணவு எது என்பதே மனிதனுக்கு வெகு காலம் தெரியாது. 1828-ல் கார்ல் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மானியர் ஒரு கருத்தைச் சொன்னார். மற்ற சத்துகள் எவ்வளவு இருந்தாலும், எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கும் என்பது அது. 1840-ல் லீபிக் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. பெயரும் லீபிக்குக்கே போய்விட்டது, பாவம் ஸ்பிரெங்கல்!

1860-களில் ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் இருவரும் மண்ணே இல்லாமல் உப்புகள் கரைத்த தண்ணீரில் செடிகளை வளர்த்துக் காட்டினார்கள். ஒரு உப்பை மட்டும் நீக்கிவிட்டால் செடி எப்படி மாறுகிறது என்று பார்க்க இது வழி திறந்தது. இன்று செடியின் 'முகத்தைப் பார்த்து' சத்துக் குறைவைச் சொல்லும் கலை முழுவதும் இதிலிருந்து வந்ததுதான். நைட்ரஜன் குறைந்தால் பழைய இலை முதலில் மஞ்சளாகும். ஏனென்றால் செடி பழைய இலையிலிருந்து நைட்ரஜனை எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி நகராது. அதனால் இரும்பு குறைந்தால் புதிய இலைதான் முதலில் வெளுக்கும்.

ஆனாலும் ஏமாறுவது உண்டு. 1960-களில் இமயமலை அடிவாரத்தில் நெற்பயிர் துருப் பிடித்தது போலப் பழுப்பாகி மடிந்தது. 'கைரா' என்று பெயர் வைத்து நோய் என்றே எல்லோரும் நம்பினார்கள். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல்.நெனே ஆராய்ந்து, அது கிருமியால் வந்தது அல்ல, துத்தநாகக் குறைவு என்று கண்டுபிடித்தார். நெனே செடிகளின் நோய் நிபுணர் என்பதுதான் இதில் வேடிக்கை. துத்தநாக சல்பேட் கரைசல் தெளித்ததும் பயிர் தேறியது. நோய் என்று நினைத்தது பசியாக இருந்தது.

ஆண் கடல், பெண் கடல்

இனி இராமேஸ்வரத்துக்கு வருவோம். இந்தக் கடற்கரைக்கு இரண்டு பக்கமும் கடல். தெற்கே அலை அடிக்கும் மன்னார் வளைகுடாவை மீனவர்கள் 'ஆண் கடல்' என்பார்கள். வடக்கே அமைதியாகக் கிடக்கும் பாக் நீரிணை 'பெண் கடல்'.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றதும், அகர் தரும் நம் நாட்டுப் பாசிகளைத் தேட வேண்டியதாயிற்று. போருக்குப் பிறகு மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் வந்தது. பின்னர் குஜராத்தின் பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனமும் மண்டபத்தில் ஒரு பாசி ஆராய்ச்சி நிலையம் வைத்தது. 1960-களிலிருந்து மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று இயற்கையாக விளையும் பாசிகளைப் பறித்துக் கம்பெனிகளுக்கு விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பறிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். முகத்தில் கண்ணாடி, விரல்களில் துணி சுற்றி, பாறைகளுக்கு நடுவே மூழ்கி எடுக்க வேண்டும்.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளைக் காக்க அது தேவைதான். ஆனால் தீவைச் சுற்றிப் பாசி எடுத்தவர்களுக்கு வனத்துறையோடு தகராறு தொடங்கியது. பறிக்க முடியாதவர்களுக்கு, வளர்க்க ஒரு பாசி கிடைத்தால் நல்லது என்ற நிலை.

'பெப்சி பாசி' வந்தது

அந்தப் பாசி கப்பாபைகஸ் அல்வரேசி. இதிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ்வெல் டோட்டியின் முயற்சியால் 1970-களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் இதைக் கடலில் பயிரிடத் தொடங்கினார்கள். 1984-ல் உப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதில் சிறிதளவை ஜப்பானிலிருந்து குஜராத்தின் ஓகாவுக்குக் கொண்டு வந்தது. 1990-களின் நடுவில் அது மண்டபம் வந்தது.

2000-ஆம் ஆண்டையொட்டி பெப்சி நிறுவனம் இந்தத் தொழில்நுட்பத்தை வாங்கி ஒப்பந்த முறையில் இறங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கிக் கடன், மூங்கில் மிதவை, விதைப்பாசி, கடைசியில் கொள்முதல். மக்கள் வாயில் இதன் பெயர் 'பெப்சி பாசி' ஆகிவிட்டது!

முறை எளிமையானது. 12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். அதில் வரிசையாகக் கயிறுகள், கயிற்றில் பாசித் துண்டுகள். ஒரு மிதவைக்கு சுமார் 60 கிலோ விதை. 45 நாளில் அது நான்கு மடங்குக்கு மேல் பெருகும். ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் தினமும் ஒன்றை அறுத்து, அதிலிருந்தே 60 கிலோவைத் திரும்பக் கட்டிவிட்டு மீதியைக் காயப்போடலாம். காய்ந்தால் எடை பத்தில் ஒரு பங்காகிவிடும்.

2001-ல் சுமார் 21 டன்னாக இருந்த காய்ந்த பாசி உற்பத்தி 2012-ல் 1,490 டன்னைத் தொட்டது. கிலோ 4.50 ரூபாய் என்ற விலை 35 ரூபாய் வரை ஏறியது. நடுவே 2008-ல் பெப்சி விலகி, அக்வாக்ரி என்ற நிறுவனம் தொழிலை எடுத்துக்கொண்டது.

பாசி வெளுத்தால்?

இந்தக் கணக்கில் எல்லாமே ஒரு விஷயத்தை நம்பியிருக்கிறது. இன்று அறுக்கும் பாசிதான் நாளைக்கு விதை. அது கெட்டால் வருமானமும் போச்சு, விதையும் போச்சு.

பிலிப்பைன்ஸ்காரர்கள் 1970-களிலேயே இந்தப் பயத்தைப் பார்த்துவிட்டார்கள். பாசியின் கிளையில் நடுவே ஓர் இடம் ஐஸ் கட்டி போல வெளுத்து, மெத்தென்றாகி, ஒடிந்து விழும். அதற்கு 'ஐஸ்-ஐஸ்' என்றே பெயர்.

கிருமியா? 1995-ல் டானிலோ லார்கோவும் ஜப்பானியச் சக ஆய்வாளர்களும் இரண்டு பக்கத்தையும் சோதித்தார்கள். வெளுத்த பாசியில் சில பாக்டீரியாக்கள் பெருகியிருந்தது உண்மை. ஆனால் வெப்பம் 33-லிருந்து 35 டிகிரிக்குப் போனாலோ, உப்பு வழக்கமான கடலைவிட மிகவும் குறைந்தாலோ, வெளிச்சம் போதாமல் போனாலோ பாசி வெளுக்கத் தொடங்கியது. அதாவது பாசி முதலில் நலிகிறது. பாக்டீரியா அந்தச் சமயம் பார்த்து நுழைகிறது.

பசியின் பங்கு 2015-ல் இன்னும் தெளிவானது. பிலிப்பைன்ஸில் லூஹான் குழுவினர் பாசித் துண்டுகளை நைட்ரஜன் நிறைந்த நீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்துப் பிறகு கடலில் கட்டினார்கள். அவற்றில் ஐஸ்-ஐஸ் குறைந்தது. வயிறு நிறைந்த பாசி நோயை எதிர்த்து நிற்கிறது.

அப்படியானால் எப்படிப் பார்த்துச் சொல்வது? பாசிக்கு வேர் கிடையாது, பழைய இலை புது இலை கிடையாது. உடம்பு முழுவதாலும் கடல் நீரிலிருந்து சத்தை உறிஞ்சுகிறது. ஆகவே நிலத்துச் செடிக்கான பாடம் இங்கே செல்லாது. ஆனால் வேறு அடையாளங்கள் உண்டு.

பாசி முழுவதும் நிறம் மங்கி, ஆனால் உறுதியாக இருந்தால் அது பெரும்பாலும் பசி. சிவப்புப் பாசிகளின் நிறமி நைட்ரஜன் உள்ள ஒரு புரதம். பட்டினி வந்தால் பாசி தன் நிறத்தையே கரைத்துத் தின்கிறது! சத்து கிடைத்தால் நிறம் திரும்பும். கிளையின் நடுவே திட்டாக வெளுத்து மெத்தென்று ஒடிந்தால் அது ஐஸ்-ஐஸ். நுனிகள் மட்டும் கடித்தது போல மழுங்கியிருந்தால் அது சத்தும் இல்லை, நோயும் இல்லை, ஓரா போன்ற பாசி தின்னும் மீன்களின் வேலை. மிதவைக்கு அடியில் வலை கட்டுவது இதற்காகத்தான்.

அறைக்குள் விளக்கு போட்டுத் தொட்டியில் செடி வளர்ப்பவர் எது குறைகிறதோ அதைக் கரைத்து ஊற்றலாம். நடுக்கடலில் எதை ஊற்றுவது? அதனால் கடலில் வைத்தியம் வேறு மாதிரி. தண்ணீர் ஓடாத இடத்தில் பாசியை ஒட்டிய நீரில் சத்து தீர்ந்துவிடும். எனவே மிதவையை ஓட்டமுள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். மேல் நீர் சுட்டால் கயிற்றைத் தாழ்த்த வேண்டும். வெளுத்த துண்டை வெட்டி எறிய வேண்டும், அதை விதைக்கு வைக்கவே கூடாது. ரொம்பப் பரவினால் நாள் பார்க்காமல் உடனே அறுத்துக் காயப்போட வேண்டும்.

2013

உச்சத்தைத் தொட்ட அடுத்த வருடமே பாசி பெருமளவில் மடியத் தொடங்கியது. 2013-க்குப் பிறகு உற்பத்தி மளமளவென்று சரிந்தது. மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டிலும் ஐஸ்-ஐஸ் இருப்பதை 2018-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது.

பெண் கடலின் அமைதி மிதவைக்கு நல்லது. ஆனால் கோடையில் அதே ஆழமில்லாத, அசையாத நீர் சீக்கிரம் சூடாகிறது. இன்னொரு பலவீனமும் உண்டு. 1984-ல் வந்த அந்தச் சிறு துண்டுகளையே ஒடித்து ஒடித்துக் கட்டியதால், கடலில் இருந்தது கிட்டத்தட்ட ஒரே பாசி. ஒன்று தாங்காத சூட்டை மற்றது மட்டும் எப்படித் தாங்கும்?

சரி, வேறு இடத்துக்கு மாற்றலாமே என்றால் அதிலும் சிக்கல். வெளிநாட்டுப் பாசி என்பதால் 2005 டிசம்பரிலேயே தமிழக அரசு இதை மன்னார் வளைகுடாவில் வளர்க்க முடியாதபடி கட்டுப்படுத்தியிருந்தது. அந்தப் பயம் வீண் அல்ல. குருசடைத் தீவில் இந்தப் பாசி உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 2008-ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை காட்டியது. மிதவையில் பட்டினி கிடந்த பாசியே பவளத்துக்கு எமனாகவும் இருந்தது! பாசி கட்டும் பெண்ணின் பிழைப்பும் முக்கியம், மீன் குஞ்சு வளரும் பவளமும் முக்கியம். இரண்டுமே அதே கடற்கரை மக்களின் சொத்து.

பாசியே சத்தான கதை

இந்த வரலாற்றில் ஒரு முரணும் இருக்கிறது. பச்சைப் பாசியை அரைத்துச் சாற்றைத் தனியே பிரித்தால் அது பயிருக்குத் தெளிக்கும் திரவ உரம், சக்கையிலிருந்து கராஜீனன். இந்த முறைக்கு உப்பு ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2005-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். சாற்றில் பொட்டாசியமும் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு. 2009-ல் வெளியான ஒரு சோதனையில், மானாவாரி சோயாவுக்கு 15 சதவீதக் கரைசல் தெளித்தபோது விளைச்சல் 57 சதவீதம் கூடியது. இன்று 'சாகரிகா' என்ற பெயரில் இஃப்கோ விற்பது இந்த வழியில் வந்ததுதான். மானாமதுரையில் தொழிற்சாலை இருக்கிறது. தான் வெளுத்துச் சாகும் பாசி, ஊரார் வயலின் பசியைத் தீர்க்கிறது!

2023 செப்டம்பரில் தொண்டி பக்கம் வளமாவூரில் 127.71 கோடி ரூபாயில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024-ல் வெளிநாட்டிலிருந்து உயிருள்ள விதைப்பாசி கொண்டுவருவதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. புதிய விதை வருவது நல்லதுதான். ஆனால் கூடவே புது நோயோ, பவளத்துக்குப் புது ஆபத்தோ வராமல் பார்க்க வேண்டும். கட்டிடமும் விதையும் வந்தாலும், பாசியின் நிறம் மாறுவதை முதலில் பார்ப்பது இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்கள்தான். பசிக்கும் நோய்க்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும், அவர்கள் கடலில் கண்டதைக் கேட்டு எழுதி வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல. 2012-ல் இருந்த 1,490 டன் அடுத்த வருடமே சரிந்ததை நினைத்தால், அந்த வேலையைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.