பால்ஸாக்கின் புரூப்கள்

கதை எழுதுவது இன்பம். எழுதி முடித்துவிட்டோம் என்பது அதைவிட இன்பம். எழுதியதைத் திருத்தவேண்டும் என்று வரும்போதுதான் ஆசிரியனுக்குக் கொட்டாவி வருகிறது. வாக்கியங்களெல்லாம் மனப்பாடமாகிவிட்டன. கண் படிக்கிறது, மனம் படிப்பதில்லை.

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்ஸாக் (1799–1850) இந்தக் கொட்டாவிக்கு ஒரு மருந்து வைத்திருந்தார். கொஞ்சம் விலை உயர்ந்த மருந்து!

கதையை அவசரமாக எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். பல சமயங்களில் அது வெறும் எலும்புக்கூடுதான். பெரிய காகிதத்தின் நடுவே, சுற்றிலும் தாராளமாக ஓரம் விட்டு, அதை அச்சிட்டுத் தரவேண்டும். புரூப் கைக்கு வந்ததோ இல்லையோ, மனிதருக்குப் புது உற்சாகம் பிறந்துவிடும். நள்ளிரவில் எழுந்து, கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு உட்காருவார். ஒரு சொல் வாக்கியமாகும், வாக்கியம் பத்தியாகும். திருத்தக் கோடுகள் ஆலம் விழுதுகளைப்போல் நாலா பக்கமும் இறங்கும். ஓரம் போதாவிட்டால் தனித் தாளை ஒட்டுவார். அது மறுபடி அச்சாகி வரும். மறுபடியும் அதே கூத்து! பத்துப் புரூப்களுக்கு மேல் போனதும் உண்டு. அவருடைய புரூப் என்றாலே அச்சுக் கோப்பவர்கள் நடுங்கினார்கள்.

இந்தச் செலவில் பெரும் பகுதி அவர் தலையில்தான் விழுந்தது. 1828-ல் அவருடைய சொந்த அச்சகம் நொடித்துப் போயிற்று. அன்று பிடித்த கடன் தொல்லை கடைசிவரை விடவில்லை. அப்படிப்பட்டவர் ஏன் இப்படிப் பணத்தைக் கரைத்தார்?

கையெழுத்தில் இருக்கும்வரை கதை நம் வீட்டுப் பிள்ளை. அச்சில் வந்ததும் அடுத்த வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. அப்புறம் குறை தெரியக் கேட்பானேன்!

இதற்கு அச்சுத்தான் வேண்டுமென்பதில்லை. 1860-களில் டால்ஸ்டாய் 'போரும் அமைதியும்' எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் அடித்துக் கிறுக்கிய தாள்களை மனைவி சோபியா இரவில் கண் விழித்து நல்ல பிரதி எடுத்துக் கொடுப்பார். அந்தச் சுத்தமான பிரதியையும் டால்ஸ்டாய் அடித்துத் திருத்துவார். அம்மாள் மீண்டும் எழுதுவார். வேறொருவர் கையெழுத்தில் கதை புதிதாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அம்மாளின் பொறுமையை எண்ணி நாம் ஒரு கும்பிடு போடலாம்.

பால்ஸாக்கின் நாவல்கள் 1842 முதல் 'மனித நாடகம்' என்ற தொகுப்பாக வெளிவந்தன. இனித் திருத்த என்ன இருக்கிறது? அச்சாகி வந்த தம் சொந்தப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் ஓரத்திலும் திருத்தினார் அவர். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அந்தப் பிரதியைத்தான் ஆதாரமாகக் கொண்டார்கள். பால்ஸாக்கின் கடைசிப் புரூப் அவர் காலமான பிறகே அச்சேறியது.