வாசிப்பவரும் கேட்பவரும்: முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு குறிப்பு

தென்மாவட்ட நகரம் ஒன்றில் நடந்த இலக்கிய விழாவுக்கு வேம்பார்ப் பெரியவர் ஒருவரோடு போயிருந்தேன். காலை பத்து மணியிலிருந்து இருட்டும்வரை எழுத்தாளர் அமர்வுகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூட்டம் பாதியாகிவிட்ட நேரத்தில், 'நெய்தல்' என்று ஓர் அமர்வு. நாற்பது நிமிடம். மூன்று பேர் பேசினார்கள். நெறியாளரையும் சேர்த்துப் பொன்னாடை நான்கு. திரும்பும்போது பேருந்தில் பெரியவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எல்லாரும் நல்லாத்தான் பேசுனாவ. ஒருத்தரும் வாசிக்கலையே தம்பி."

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அவர் இளவயதில் தவக்காலத்தில் கோயிலில் வியாகுலப் பிரசங்கம் வாசித்தவர். கோவாவில் பிறந்து இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676-1742) எழுதிய ஒன்பது பிரசங்கங்கள் அவை. "நிறுத்துற எடம் தெரியணும். அங்க நிறுத்துனாத்தான் பொம்பளைய அழுகைய எடுப்பாவ. தெரியாதவன் வாசிச்சா தூங்கிருவாவ" என்றார். கேட்பவர் எங்கே உள்ளே நுழைவார் என்பதை அறிந்து அந்த இடத்தை விட்டுக்கொடுப்பதுதான் வாசிப்பு என்கிறார். எம்.ஏ. தமிழில் இரண்டு வருடம் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

வகுப்பில் சொல்லித்தந்தது வேறு. உரைநடை வரலாறு என்றால் வீரமாமுனிவர், ஆறுமுக நாவலர் என்று வரும். அண்டிரிக் அடிகளார் என்று நாம் தமிழாக்கிக்கொண்ட என்றீக் என்றீக்கஸுக்கு (1520-1600) ஒரு வரி. அதுவும் 'அச்சு' என்ற தலைப்பின் கீழ். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 16 பக்கம். 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586-இல் 'அடியார் வரலாறு', ஏறத்தாழ 670 பக்கம். வருடமும் பக்கமும் இருக்கின்றன. அவற்றை யார் வாசித்தார், யார் கேட்டார் என்பது இல்லை. இலக்கிய வரலாறு இந்தப் புத்தகங்களைப் பொருளாகப் பார்த்தது, பிரதியாகப் பார்க்கவில்லை. அதனாலேயே கடற்கரைச் சனமும் அதிலிருந்து நழுவிப்போனது.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1530களில் பரதவர் கிறித்தவம் தழுவினர். 1542-இல் சவேரியார் வந்தார். உள்ளூர்க்காரர் சிலரை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிச் சொல்லவைத்தார். அந்தச் சிறுவர்கள் வீட்டுக்குப் போய்த் தாய்தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்னும் ஏழு கடற்துறைகளிலும் பிரதி முதலில் காகிதத்தில் வரவில்லை, பிள்ளைகளின் வாயில் வந்தது. அச்சு பின்னால்தான். 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் ஜெபநூல்கூட ரோமன் எழுத்தில் இருந்தது. அதை மொழிபெயர்த்தவர்கள் தமிழர் மூவர். அவர்கள் பெயர்களும் போர்த்துகீசியப் பெயர்களாகவே நமக்குக் கிடைக்கின்றன.

'அடியார் வரலாறு' புனிதர்களின் திருநாள்களையொட்டி அமைந்த நூல். ஒவ்வொரு திருநாளுக்கும் அந்தந்தப் புனிதரின் கதை. விழா நாளில் கூட்டத்துக்கு வாசிப்பதற்கு ஏற்ற புத்தகம் அது. அதன் தமிழோ கரையில் பேசிய தமிழை ஒட்டியது. பண்டிதர்கள் அதைக் கொச்சை என்றார்கள். இன்று நாம் கொஞ்சம் மரியாதையாக 'வட்டார வழக்கு' என்கிறோம். இரண்டு சொல்லுக்கும் இடையே பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டுமே மையம் எங்கோ இருக்கிறது என்று முன்பே முடிவுகட்டிய சொற்கள்.

எழுத்து சம்பந்தமான இன்னொரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கால அச்சில் மெய்க்குப் புள்ளி கிடையாது. எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஏட்டுச் சுவடியிலும் அப்படித்தான். கெடு என்பதா கேடு என்பதா? தாளில் விடை இல்லை, அந்த மொழியைப் பேசும் வாயில்தான் இருக்கிறது. 1982-இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்த பிறகு, வாசகன்தான் பிரதியை உண்டாக்குகிறான் என்று சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினோம். ரோலான் பார்த்தை வைத்து ஆசிரியனுக்குக் கருமாதியும் செய்து முடித்தோம். இங்கே நானூறு வருடத்துக்கு முன்பே, ஒருவர் உரக்க வாசித்தாலொழிய முழுமையாகாத அச்சுப்பிரதி கண்முன் கிடந்திருக்கிறது. (செத்துப்போன ஆசிரியர் இப்போது விழா மேடைகளில் பொன்னாடையோடு உயிர்த்தெழுந்திருப்பது தனிக்கதை.)

இதைப் பொற்காலமாக்கிவிடும் ஆபத்து எனக்குத் தெரியும். கோயில் வாசிப்பும் அதிகாரத்தின் வாசிப்புதான். எதை வாசிப்பது என்று தீர்மானித்தவர் குரு. வாசித்தவர் ஆண். அச்சுச் செலவுக்குப் பரதவர் 400 குருசாதோ கொடுத்ததாகச் செய்தி இருக்கிறது. அது முத்தில் வந்த பணம், அதாவது மூச்சடக்கிக் குளித்தவனின் பணம். ஊர்ப் பேரில் கொடுத்தது என்றாலும், ஊரென்றால் யார்? மேசைக்காரர், கம்மாரக்காரர் என்று சமூகம் பின்னாளில் பிளவுபட்டு நின்ற வரலாற்றை வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஒன்று உண்டு: கூடியிருந்தவர்களுக்குப் புரியவேண்டும் என்ற கட்டாயம் அந்த வாசிப்புக்கு இருந்தது. அண்டிரிக் தமிழ் படித்ததும் இலக்கணம் எழுதியதும் அந்தக் கட்டாயத்தால்தான்.

பழைய அரங்கேற்றத்திலும் இதன் சாயல் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலபுராணங்கள் அரங்கேறியபோது மாணவர்கள் பாடலை வாசிக்க, அவர் பொருள் சொல்ல, நாள்கணக்கில் நடந்திருக்கிறது. அங்கே சபை வேறு. யார் உள்ளே வரலாம் என்பதும் வேறு. எனினும் நடுவில் இருந்தது நூல்தான். நூலாசிரியரின் அனுபவப் பகிர்வு அல்ல.

இன்றைய விழா வடிவம் 2006-இல் ஜெய்ப்பூரில் தொடங்கியதன் வழியாக நமக்குப் பழக்கமானது. உரையாடல், கேள்வி பதில், கையொப்பம். 2022 நவம்பரில் தமிழக அரசு நெல்லையில் பொருநை இலக்கியத் திருவிழா நடத்தியது. தொடர்ந்து வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றின் பெயரால் விழாக்கள். அரசு எழுத்தாளனைத் தேடி வந்தது நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் இலக்கியத்தை ஆற்றுப்படுகைகளாகப் பிரித்தால் கடல் எதில் சேரும்? வேம்பாருக்குப் பொருநையும் தூரம், வைகையும் தூரம். 2022-இல் தூத்துக்குடியில் நெய்தல் கலைவிழா நடந்தது உண்மை. கலை என்று வரும்போது கடல் நினைவுக்கு வருகிறது, இலக்கியம் என்றால் நதி.

கடல் எழுதப்படாமலும் இல்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' 1979. கரையில் பிறந்த ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004. அவருடைய 'கொற்கை' 2013-இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. நான் கேட்பது, இவற்றில் ஒரு அத்தியாயத்தையாவது வேம்பார்க் கடற்கரையில் ஒரு சாயங்காலம் உரக்க வாசித்தால் சனங்கள் எந்த இடத்தில் குறுக்கிடுவார்கள் என்பதுதான். சிரிப்பார்களா, சண்டைக்கு வருவார்களா, 'அந்தப் பாட்டுக்கு மீன் பேரே தப்பு' என்பார்களா? அமர்வின் கடைசி ஐந்து நிமிடக் கேள்வி நேரத்தில் இது நடக்காது.

போன மாதம் பெரியவர் வீட்டுக்குப் போனேன். தம்பிரான் வணக்கத்தின் பக்கம் ஒன்றின் ஒளிநகல் கையில் இருந்தது. அவருக்குக் கண் சரியில்லை, என்னை வாசிக்கச் சொன்னார். புள்ளியில்லாத எழுத்தில் நான் தடுமாறித் தடுமாறி வாசித்தேன். மூன்றாவது வரி முடியும் முன்பே கையைத் தூட்டி நிறுத்தினார்.

"எய்யா, இது நம்ம மந்திரம்லா" என்றார். நான் தப்பாகப் பிரித்த இடத்தைச் சரியாகப் பிரித்துச் சொன்னார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி அடுத்த வரியைச் சொன்னார். தாளில் இருந்ததற்கும் அவர் சொன்னதற்கும் நாலைந்து சொல் வித்தியாசம். எது சரி என்று இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது. என்னை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள்.