வெள்ளிச் சாயம் காட்டிய மறதி

நோய்க்கூறியல் துறையில் மூளைத் திசுவைச் சீவி, ஸ்லைடில் ஏற்றி, சாயம் போடுவதுதான் என் வேலை. வெள்ளி நைட்ரேட் சாயம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பாத்திரங்களை டிஸ்டில்டு வாட்டரில்தான் அலச வேண்டும்; குழாய்த் தண்ணீர் கொஞ்சம் கலந்தாலும் கரைசல் வெளுத்துக் கலங்கிவிடும். விரலில் பட்ட கறுப்பு லேசில் போகாது. சாயம் சரியாகப் பிடித்தால், பழுப்பு நிறத்தின் நடுவே நரம்பிழைகள் கன்னங்கரேலென்று தெரியும். நரம்பியல் மருத்துவர் பீல்ஷோவ்ஸ்கி வகுத்துத் தந்த முறை இது. மறதி நோயின் வரலாற்றில் பாதி இந்தச் சாயத்தால் எழுதப்பட்டது.

1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயது அகுஸ்டே டேட்டரைச் சேர்த்தார்கள். மருத்துவர் அலோய்ஸ் ஆல்சைமர் எதிரே உட்கார்ந்து கேட்டதும் அவர் சொன்னதும் குறிப்பேட்டில் அப்படியே இருக்கின்றன. கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரையே சொல்கிறார். தட்டில் இருப்பது பன்றிக்கறியும் காலிபிளவரும். கேட்டால் கீரை என்கிறார். பல காலம் காணாமல் கிடந்த அந்தக் கோப்பு 1995-ல்தான் அகப்பட்டது.

1906 ஏப்ரலில் அகுஸ்டே இறந்ததும், மியூனிக் போயிருந்த ஆல்சைமர் மூளையை அங்கே வரவழைத்தார். வெள்ளி ஏற்றிப் பார்த்தால், செல் அழிந்த இடத்தில் கறுத்த இழைச் சிக்கல் மட்டும் மிச்சம். 1910-ல் மனநல மருத்துவர் கிரேபெலின் தன் பாடநூலில் நோய்க்கு ஆல்சைமர் பெயரை வைத்தார். அகுஸ்டேயின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன்.

அந்தச் சிக்கல் பரவும் வழியை 1991-ல் ஹைக்கோ பிராக், ஈவா பிராக் என்ற ஆய்வாளர் தம்பதியர் படிப்படியாக வகுத்தார்கள். மூளையின் நினைவுப் பகுதியான ஹிப்போகேம்பஸை ஒட்டிய புறணியில்தான் அது முதலில் காலூன்றுகிறது. புது நினைவு பதியும் வாசலே அந்தப் புறணிதான். அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, கல்யாண நாள் பளிச்சென்று நிற்கிறது.

எல்லா மறதியும் அங்கே தொடங்குவதில்லை. 1892-லேயே பிராகாவில் மருத்துவர் ஆர்னால்ட் பிக், பேச்சு குலைந்த முதியவர் ஒருவரின் மூளையில் இடது பொட்டுமடல் சுருங்கியிருந்ததைப் பதிவு செய்தார். அந்த மடல் சிதைந்தால் நேற்று நடந்தது நினைவிருக்கும். 'கரண்டி' என்றால் என்னவென்று தெரியாது. மியூனிக்கில் ஆல்சைமரிடம் வேலை பார்த்த லேவி, 1912-ல் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் உருண்டைத் துகள்களைக் கண்டார். அவை புறணியிலும் நிறைந்து அறிவைக் குலைக்கும் என்று 1976-ல் காட்டியவர் ஜப்பானின் கெஞ்சி கோசாகா. இந்த வகையில் ஆரம்பத்தில் ஹிப்போகேம்பஸ் ஓரளவு தப்பிவிடும். ஆனால் இல்லாத குழந்தைகள் கூடத்தில் விளையாடுவதாகத் தெரியும். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் மறதிக்கோ அடைத்த இடமே கணக்கு. மூளையின் நடுவே உள்ள தலாமஸில் சின்ன அடைப்பு போதும், நினைவு தடுமாற.

ஆகவே பெரியவரை மருத்துவரிடம் கூட்டிப்போகும்போது மறதி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். முதலில் போனது நேற்றைய நிகழ்ச்சியா, பொருளின் பெயரா, பழகிய வழியா, இல்லாததைப் பார்க்கிறாரா என்று தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள்.